அறுவைக்குப் பின் வரும் எண்: புராஸ்டேட் புற்றுநோய்க் கணிப்பும் இனம் என்ற கட்டமும்

இந்த உரை ஒரு சிறு கணக்கில் தொடங்குகிறது.

புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக அகற்றிக்கொண்ட இரண்டு அமெரிக்கர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் வயது 62. அறுவைக்கு முன் இருவர் ரத்தத்திலும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு 8. வெட்டியெடுத்த சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, புற்றணுக்களின் ஒழுங்குகுலைவைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் இருவருக்கும் 4+3. இருவருக்கும் வெட்டு விளிம்பில் புற்றணுக்கள் தெரிந்தன. சுரப்பியின் உறையைத் தாண்டி நோய் போகவில்லை. விந்துப் பையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் இல்லை. ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பினத்தவர்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட 'காப்ரா-எஸ்' என்ற மதிப்பெண் முறையில் போட்டுப் பார்த்தால் பி.எஸ்.ஏ.வுக்கு 1, கிளீசனுக்கு 2, விளிம்புக்கு 2, ஆகமொத்தம் இருவருக்கும் 12-க்கு 5. நடுத்தர ஆபத்து. 1998-ல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட சூத்திரத்தில் போட்டால் விடை வேறு. அதில் பி.எஸ்.ஏ., கிளீசன், நோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கிறதா என்ற மூன்றோடு நோயாளியின் இனமும் ஒரு காரணி. வேறு எந்த வித்தியாசமும் இல்லாத நிலையில், கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் இரண்டாமவரின் ஆபத்து கூடிவிடுகிறது.

எது சரி? இனத்தைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி இல்லை. வரும் எண்ணைப் பார்த்துத்தான், அறுவை முடிந்த ஒருவருக்கு மேற்கொண்டு கதிர்வீச்சு கொடுப்பதா, ஹார்மோன் ஊசி போடுவதா, ரத்தப் பரிசோதனையோடு காத்திருப்பதா என்று மருத்துவர் முடிவு செய்கிறார். தேவையில்லாத கதிர்வீச்சு சிறுநீரை அடக்க முடியாத நிலையையும் குடல் தொல்லையையும் கொண்டுவரலாம். தேவைப்பட்டவருக்குக் கொடுக்காமல் விட்டால் நோய் எலும்புக்குப் போகலாம்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருப்பது புராஸ்டேட். இளவயதில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். அது சுரக்கும் ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. சுரப்பியையே எடுத்துவிட்டால் அந்தப் புரதம் ரத்தத்தில் இருக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் கருவியால் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். மீண்டும் ஏறினால் புற்றணுக்கள் எங்கோ மிஞ்சியிருக்கின்றன என்று பொருள். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 0.2 நானோகிராம் என்ற அளவைத் தொட்டு, இரண்டாம் பரிசோதனையிலும் அது உறுதியானால் 'நோய் திரும்பியது' என்று கொள்கிறது. பல புற்றுநோய்களில் கட்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் திரும்பியது புலப்படும். இங்கே பல ஆண்டுகள் முன்னதாகவே ரத்தம் சொல்லிவிடுகிறது.

எத்தனை ஆண்டுகள்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1982 முதல் 1997 வரை அறுவை செய்துகொண்ட 1,997 பேரைப் பின்தொடர்ந்து 1999-ல் வெளியான ஆய்வு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்களில் 315 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 16 சதவீதத்தினருக்கு, பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறியது. மேற்கொண்டு சிகிச்சை இல்லாமல் விட்ட நிலையில், ஏறத் தொடங்கியதிலிருந்து உடலின் வேறு இடங்களில் நோய் தென்படுவதற்கு நடுக்கணக்காக 8 ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு மரணத்துக்கு மேலும் 5 ஆண்டுகள். பி.எஸ்.ஏ. ஏறுவது ஒரு நிகழ்வு, நோய் பரவுவது இன்னொன்று, அதனால் இறப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் கலந்து பேசுவதால்தான் இனம் பற்றிய விவாதத்தில் பாதிக் குழப்பம் வருகிறது. அவையோர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

கணிப்புக் கருவிகளின் கதை கிளீசனிலிருந்து தொடங்குகிறது. மினியாபொலிஸ் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்த டொனால்டு கிளீசன், 1966-ல் தம்முடைய தர வரிசையை வெளியிட்டார். புற்றணுக்கள் எவ்வளவு ஒழுங்கு குலைந்து கிடக்கின்றன என்பதைப் பார்த்து, அதிகமாகத் தெரியும் வகைக்கு ஓர் எண், அடுத்ததற்கு ஓர் எண். இரண்டையும் கூட்டினால் கிளீசன் மதிப்பெண். 3+4, 4+3 இரண்டும் 7 என்றாலும் பின்னதுதான் மோசம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகியும் புராஸ்டேட் புற்றுநோயில் இதைவிட வலுவான ஒற்றை அடையாளம் கிடைக்கவில்லை.

1999-ல் மைக்கேல் கட்டனும் பீட்டர் ஸ்கார்டினோவும் சேர்ந்து அறுவைக்குப் பிந்தைய நோமோகிராம் ஒன்றை வெளியிட்டார்கள். பி.எஸ்.ஏ., கிளீசன், விளிம்பு, உறை, விந்துப் பை, நிணநீர் முடிச்சு ஆகியவற்றுக்குக் கோடுகள் போட்டு, புள்ளிகளைக் கூட்டி, ஏழு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று படித்துவிடலாம். அதற்கு அடித்தளமாக இருந்தவர்கள் 996 பேர். எல்லோருக்கும் ஹூஸ்டன் நகரில் அறுவை செய்தவர் ஒரே நிபுணர். காப்ரா-எஸ் முறையோ அமெரிக்காவின் பல ஊர்களில் உள்ள சிறுநீரகவியல் மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 3,837 பேரின் தரவிலிருந்து உருவானது. பெரும்பான்மையினர் வெள்ளையர்.

ஒரு கருவி யாரிடமிருந்து பிறந்தது என்பதைக் கேட்பது அதைச் சந்தேகிப்பதற்காக அல்ல. அதை யாரிடம் மறுபடி சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

சோதிப்பதிலும் இரண்டு வகை உண்டு. பத்திரிகைச் செய்திகளில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் சற்று நின்று பார்ப்பது நல்லது. மளிகைக் கடையில் ஒரு தராசு. இரண்டு மூட்டைகளில் எது கனம் என்று அது தவறாமல் காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் அரைக் கிலோ கூட்டிக் காட்டுகிறது. வரிசைப்படுத்த மட்டும் என்றால் அந்தத் தராசு போதும். காசு கொடுத்து வாங்க உதவாது. கணிப்புக் கருவியும் இப்படித்தான். இரண்டு நோயாளிகளில் யாருக்கு முதலில் நோய் திரும்பும் என்று சரியாகப் பிரிப்பது ஒரு திறமை. 'உங்களுக்கு 30 சதவீதம்' என்று அது சொன்ன நூறு பேரில் உண்மையில் முப்பது பேருக்குத் திரும்புவது மற்றொரு திறமை. காப்ரா-எஸ் முறையைப் படைவீரர் மருத்துவமனைகளின் தரவில் சோதித்தபோது முதல் திறமைக்குக் கிடைத்த மதிப்பு 0.73. அதாவது நூறு இணைகளை எடுத்தால் 73-ல் வரிசை சரி. காசு சுண்டிப் போட்டால் 50 கிடைக்கும். நல்ல கருவிதான், தெய்வவாக்கு இல்லை.

வேறு இனத்தாரிடம் கொண்டு போகும்போது முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டாவது திறமை. வரிசை மாறுவதில்லை, சதவீதம் விலகுகிறது. அதைத் திருத்துவது கடினமான வேலையும் இல்லை, அந்த மக்களின் தரவு கையில் இருந்தால்.

இனி இனத்துக்கு வரலாம். அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்கு இந்த நோய் வருவது வெள்ளையரைவிட ஏறத்தாழ 70 சதவீதம் அதிகம். இறப்பு இரண்டு மடங்கு. இங்கிலாந்தில் 2008 முதல் 2010 வரையிலான தரவை வைத்து 2015-ல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படும் வாய்ப்பு வெள்ளையருக்கு 8-ல் ஒன்று, கறுப்பினத்தவருக்கு 4-ல் ஒன்று, ஆசியருக்கு 13-ல் ஒன்று. இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு முறையே 24-ல் ஒன்று, 12-ல் ஒன்று, 44-ல் ஒன்று.

இந்த எண்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 8-ம் 24-ம், 4-ம் 12-ம், 13-ம் 44-ம். மூன்று இனங்களிலும், நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதனால் இறக்கிறார். நோய் வருவதில் அவ்வளவு பெரிய வேறுபாடு. வந்த பிறகு வேறுபாடு மிகச் சிறிது. இங்கிலாந்தில் மருத்துவம் அரசின் பொறுப்பு, கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் அப்படியொரு இடம் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் காப்பீடு, வருமானம் என்ற தடை குறைவு. பாலோ ஆல்டோ, லாஸ் ஏஞ்சலஸ், டர்ஹாம், அகஸ்டா போன்ற ஊர்களில் உள்ள அந்த மருத்துவமனைகள் சேர்ந்து, புராஸ்டேட் அறுவை செய்துகொண்டவர்களின் தரவுத்தொகுப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கின்றன. அதன் பெயர் 'சர்ச்'. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். உலகில் வேறெங்கும் இப்படிக் கிடைப்பது அரிது. 2017-ல் அந்தத் தொகுப்பிலிருந்து வந்த விடை பலரை யோசிக்க வைத்தது. கறுப்பின ஆண்களுக்குப் பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறுவது சற்று அதிகமாக இருந்தது. நோய் பரவுவதிலும் அதனால் இறப்பதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 3,06,100 நோயாளிகளை உள்ளடக்கிய பெரிய ஆய்வு வெளியானது. மூன்று இடங்களிலிருந்து தரவு: நாடு தழுவிய புற்றுநோய்ப் பதிவேடு, படைவீரர் மருத்துவமனைகள், எல்லோருக்கும் ஒரே நெறிமுறைப்படி சிகிச்சை அளித்த மருத்துவச் சோதனைகள். வயது, நோயின் நிலை, சிகிச்சை ஆகியவற்றைச் சமன்செய்த பிறகு தேசியப் பதிவேட்டில் கறுப்பினத்தவரின் இறப்பு சிறிதளவே கூடுதல். படைவீரர் மருத்துவமனைகளில் வேறுபாடு மறைந்தது. மருத்துவச் சோதனைகளில் கறுப்பினத்தவரே சற்று மேலான நிலையில் இருந்தார்கள். ஆனால் மூன்று இடங்களிலும் வேறு நோய்களால் இறப்பது கறுப்பினத்தவரிடம் அதிகமாகவே இருந்தது.

அப்படியானால் 1998-ன் சூத்திரத்தில் இருந்த 'இனம்' என்ற காரணி எதை அளந்தது? மரபணுவையா? தாமதமாகக் கிடைத்த சிகிச்சையையா? உடன் இருந்த மற்ற நோய்களையா? சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஒற்றை எண் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாது. காரணம் தெரியாமலே அந்த எண், ஒருவருடைய சிகிச்சையை மாற்றிவிடும். சிறுநீரக மருத்துவத்தில் இதே சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை வைத்துச் சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் சூத்திரம், கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கூட்டிக் காட்டும்படி அமைந்திருந்தது. உண்மையில் பழுதான சிறுநீரகம் காகிதத்தில் நன்றாக இருப்பதுபோல் தெரியும்; மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் பின்தங்கும். 2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் பல துறைகளிலிருந்து இப்படிப்பட்ட கணிப்பான்களைத் தொகுத்து வெளியிட்டது. 2021-ல் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகள் இனத்தை அந்தச் சூத்திரத்திலிருந்து நீக்கின.

புராஸ்டேட்டிலும் இனத்தைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், முடியவில்லை. அறுவைக்கு முந்தைய கணிப்பில் உண்மையான ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. அதைக் காட்டியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அங்கே 2013-ல், மிகக் குறைந்த ஆபத்துள்ளவர்கள் என்று அறுவைக்கு முன் கருதப்பட்ட 1,801 பேரின் சுரப்பிகளை ஆராய்ந்தார்கள். ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி சொன்னதைவிட மோசமான கிளீசன், வெட்டியெடுத்த சுரப்பியில் தெரிந்தது கறுப்பினத்தவரில் 27 சதவீதத்தினருக்கு. வெள்ளையரில் 14 சதவீதத்தினருக்கு. ஏன் இப்படி என்று அடுத்த ஆண்டு தேடியபோது ஓர் எளிய விடை கிடைத்தது. கறுப்பினத்தவரிடம் முக்கியமான கட்டி சுரப்பியின் முன்பக்கத்தில் இருப்பது அதிகம். வழக்கமான பயாப்ஸி ஊசியோ மலக்குடல் வழியாகப் பின்பக்கத்திலிருந்து நுழைகிறது. ஊசி எட்டாத மூலையில் நோய் இருந்தால் பயாப்ஸி நல்ல சேதியே சொல்லும்.

இந்த ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைப் புரியவைக்கிறது. அறுவைக்கு முன் மருத்துவர் கையில் இருப்பது ஊசியில் வந்த சில நூல்கள். அறுவைக்குப் பின் இருப்பது முழுச் சுரப்பி. முன்பு மறைந்திருந்ததெல்லாம் இப்போது கண்ணாடித் தகட்டில் தெரிகிறது. அதனால்தான் அறுவைக்கு முந்தைய கணிப்பில் இனத்துக்கு இருந்த பாரம், அறுவைக்குப் பிந்தைய கணிப்பில் பெருமளவு இறங்கிவிடுகிறது. டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் கட்டனின் நோமோகிராமைக் கறுப்பின நோயாளிகளிடம் சோதித்து, அவர்களுக்கும் அது பொருந்துவதாக 2003-லேயே வெளியிட்டார்கள். இந்த உரையாளரின் கருத்தும் அதுதான்: நோய்க்குறியியல் அறிக்கை முழுமையாக இருக்கும் இடத்தில் இனத்தைக் கூடுதல் தண்டனைப் புள்ளியாகச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மக்கட்குழுவிலும் சதவீதம் சரியாகச் சொல்கிறதா என்று தனித்தனியே சோதித்துக் காட்டப்பட வேண்டும். இனத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, சோதனையிலிருந்தும் எடுத்துவிட்டால் தவறு இருப்பதே தெரியாமல் போய்விடும்.

மரபணுக்களின் பக்கம் திரும்பினால் காட்சி இன்னும் செழுமையானது. எட்டாவது குரோமோசோமின் நீண்ட கரத்தில் 8கியூ24 என்ற இடத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2006-ல் கண்டறிந்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அங்குள்ள ஆபத்தான வடிவங்கள் அதிகம். 2021-ல் 1,07,247 நோயாளிகளையும் 1,27,006 நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, ஆபத்தோடு தொடர்புள்ள 269 மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலின்படி ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சராசரி மரபுவழி ஆபத்து ஐரோப்பியருடையதைப்போல் 2.18 மடங்கு, கிழக்கு ஆசியருடையது 0.73 மடங்கு. 2023-ல் பட்டியல் 451 ஆக நீண்டது.

ஒரே மரபணு வெவ்வேறு மக்களிடம் வெவ்வேறு விதமாகப் பழுதாவதும் உண்டு. ஹாக்ஸ்பி13 அதற்கு அருமையான எடுத்துக்காட்டு. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஜி84இ என்ற மாற்றம் 2012-ல் தெரியவந்தது. சீனரிடம் கிடைத்தது ஜி135இ. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் எக்ஸ்285கே. முதலாவதை மட்டும் தேடும் பரிசோதனையில் ஒரு சீனருக்கோ ஆப்பிரிக்கருக்கோ 'மாற்றம் இல்லை' என்று வரும். அந்த விடை அவருக்கு எதையும் சொல்லவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன மரபணு வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை நோய் வரும் ஆபத்தைப் பற்றியவை. வந்த நோய் எவ்வளவு மூர்க்கமானது, அறுவைக்குப் பின் திரும்புமா என்பதை அவை நன்றாகப் பிரித்துச் சொல்வதில்லை. விளம்பரங்களில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. சுரப்பியை எடுத்துவிட்ட ஒருவருக்கு அவர் பிறவியில் பெற்ற மரபணுவைவிட, கட்டியின் உள்ளே நடப்பதுதான் முக்கியம்.

கட்டியின் உள்ளேயும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர், புராஸ்டேட் புற்றணுக்களில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள். டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்பதும் இஆர்ஜி என்பதும் இணைந்துவிடுகின்றன. ஐரோப்பிய வம்சாவளியினரின் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இந்த இணைப்பு இருக்கிறது. கறுப்பின அமெரிக்கரிடம் நான்கில் ஒன்று என்ற அளவை ஒட்டி. சீனர், ஜப்பானியரிடம் இன்னும் குறைவு. மாறாக, 2020-ல் ஷாங்காயிலிருந்து 208 சீன நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து வெளியான கட்டுரையில், ஃபாக்ஸ்ஏ1 என்ற மரபணுவில் மாற்றம் 41 சதவீதத்தினரிடம் இருந்தது. மேற்கத்தியத் தொகுப்புகளில் அது மிகக் குறைவு. ஒரே பெயரில் அழைக்கப்படும் நோய், ஊருக்கு ஊர் வேறு பாதையில் பிறக்கிறது போலும்.

இதனால் ஒரு நேரடியான கவலை எழுகிறது. அறுவையில் எடுத்த கட்டியில் 22 மரபணுக் குறிகளின் செயல்பாட்டை அளந்து, 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும் 'டிசைஃபர்' என்ற பரிசோதனை அமெரிக்காவில் பரவலாகப் பயன்படுகிறது. நோய் பரவுமா என்பதைக் கணிப்பதில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. அந்த 22 குறிகளும் மேயோ மருத்துவமனையில் 1987 முதல் 2001 வரை அறுவை செய்துகொண்ட 545 பேரின் கட்டிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. மினசோட்டா மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் இருக்கும் மருத்துவமனை அது. அங்கே வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். இந்தக் குறை தெரிந்துதான், ஃபுளோரிடாவின் மோஃபிட் புற்றுநோய் மையத்தார், கறுப்பினத்தவரையும் மற்றவரையும் ஒருவருக்கு ஒருவர் என்று இணைசேர்த்து இந்தப் பரிசோதனையைச் சோதிக்கும் 'வான்டாம்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். கருவி பிறந்து, விற்பனைக்கு வந்து, அதன்பின் இப்படிச் சோதிப்பதைவிட முதலிலேயே எல்லோரையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனாலும் சோதிக்கிறார்கள் என்பது மதிக்க வேண்டிய முயற்சி.

இப்போது அவையில் பலர் மனத்தில் இருக்கும் கேள்வி: இதில் நம்மவர்கள் எங்கே?

'ஆசியர்' என்ற கட்டத்துக்குள். அமெரிக்க ஆய்வுகளில் அந்தக் கட்டத்தில் சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோக்கள், இந்தியர் எல்லோரும் ஒன்று. இங்கிலாந்தில் 'ஆசியர்' என்றால் பெரும்பாலும் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போன தமிழரும் அதற்குள்தான். மேலே சொன்ன 13-ல் ஒன்று என்ற எண் இந்தக் கலவையினுடையது. 2021-ன் பெரிய மரபணு ஆய்வில் ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், கிழக்கு ஆசியர், ஹிஸ்பானியர் என்று நான்கு பிரிவுகள் இருந்தன. தெற்காசியர் என்ற தனிப்பிரிவே இல்லை. 0.73 மடங்கு என்ற எண்ணை எடுத்துக்கொண்டு 'நமக்கு ஆபத்து குறைவு' என்று யாராவது சொன்னால், அது சீனரையும் ஜப்பானியரையும் பற்றிய எண் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

'ஆசியருக்கு இந்த நோய் குறைவு' என்பதும் நிலையான உண்மை இல்லை. ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்தவர்களிடம் இந்த நோய் தாய்நாட்டைவிட அதிகமாகக் காணப்பட்டது. மரபணு அப்படியே இருக்க, உணவும் உடல் எடையும் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யும் வழக்கமும் மாறின. 2020-ல் உலகெங்கும் ஆண்டுக்கு 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகள், 2040-ல் 29 லட்சமாவார்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் கணித்தது. பெருகப்போவது பெரும்பாலும் நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில்.

இந்தியாவில் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள் நான்கு பத்தாண்டுகளுக்கு மேலாக இயங்குகின்றன. சென்னை நகரின் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் நடத்திவருகிறது. எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதை அறிய இவை பெரும் செல்வம். ஆனால் அறுவைக்குப் பின் ஒருவரின் பி.எஸ்.ஏ. எப்போது 0.2-ஐத் தொட்டது என்பதைப் பதிவு செய்வது இவற்றின் வேலை அல்ல. அதை மருத்துவமனைகள்தான் செய்ய வேண்டும். திருநெல்வேலியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒருவர் சென்னைக்கு வந்து ரோபோ அறுவை செய்துகொண்டு ஊர் திரும்புகிறார். பிறகு பி.எஸ்.ஏ.வை உள்ளூர் ஆய்வகத்தில் பார்த்துக்கொள்கிறார். அந்த எண் அறுவை செய்த மருத்துவமனைக்குப் போய்ச் சேராவிட்டால் கணிப்பு பலித்ததா என்று ஒருபோதும் தெரியாது. தமிழருக்கென்று ஒரு புதுக் கணிப்பான் உருவாக்குவதைவிட, இந்த விடுபட்ட எண்களைச் சேர்ப்பது முதல் வேலை. சில ஆயிரம் பேரின் ஐந்தாண்டுத் தரவு இருந்தால் காப்ரா-எஸ் சொல்லும் சதவீதத்தை இங்குள்ளவர்களுக்கு ஏற்பத் திருத்திவிடலாம்.

திருத்தும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெற்காசியருக்கு மாரடைப்பும் நீரிழிவும் இளமையிலேயே வருகின்றன. 70 வயதில் இதய நோயோடு இருப்பவரிடம், புராஸ்டேட் புற்றுநோய் பதினைந்து ஆண்டுகளில் என்ன செய்யும் என்ற கணக்கு, இதயம் அதற்குள் என்ன செய்யும் என்பதையும் சேர்த்துத்தான் போடப்பட வேண்டும். உடல் பருத்தவர்களுக்கு ரத்தத்தின் அளவு கூடுவதால் பி.எஸ்.ஏ. நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும் என்பதும் 2007-லிருந்து அறியப்பட்ட செய்தி. இவையெல்லாம் 'இனம்' என்ற ஒரு கட்டத்துக்குள் அடங்காதவை. தனித்தனியே அளந்துவிடக் கூடியவை.

கணிப்பு குறைபட்டது என்பதற்காக நோயாளி கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2020-ல் வெளியான 'ராடிக்கல்ஸ்' ஆய்வு இந்த விஷயத்தில் பெரிய நிம்மதி தந்தது. இங்கிலாந்து, டென்மார்க், கனடா, அயர்லாந்து நாடுகளில் 1,396 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை முடிந்த கையோடு கதிர்வீச்சு கொடுத்தார்கள். மறு பாதியைப் பி.எஸ்.ஏ. பரிசோதனையோடு காத்திருக்க வைத்து, 0.1-ஐத் தொட்டாலோ மூன்று முறை தொடர்ந்து ஏறினாலோ மட்டும் கொடுத்தார்கள். காத்திருந்தவர்களில் நோய் கட்டுப்பாடு குறையவில்லை. சிறுநீர்த் தொல்லை குறைவாக இருந்தது. ஆக, பெரும்பாலோருக்கு முன்கூட்டிய கணிப்பைவிட ஒழுங்கான கண்காணிப்பே போதுமானது. இனம் எதுவாக இருந்தாலும் அவரவர் ரத்தமே அவரவர் ஆபத்தைச் சொல்லத் தொடங்கிவிடும். நிணநீர் முடிச்சுக்கு நோய் போயிருந்தாலோ கிளீசன் 8 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ மருத்துவர் வேறு விதமாக முடிவெடுக்கலாம். அப்படிப்பட்டவர்கள் அந்த ஆய்வில் குறைவு.

அறுவை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது நோய்க்குறியியல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் கிளீசனின் இரு எண்களும், விளிம்பு, உறை, விந்துப் பை, நிணநீர் முடிச்சு ஆகியவற்றின் நிலையும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் கேட்கலாம். முதல் ஐந்து ஆண்டுகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் பி.எஸ்.ஏ. பார்ப்பது வழக்கம். கருவிக்குக் கருவி அளவு சற்று மாறுவதால் ஒரே ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் வரும் எண்ணை அறுவை செய்த மருத்துவமனைக்கும் அனுப்பிவைக்க வேண்டும். 'கண்டறிய முடியாத அளவு' என்று வந்தாலும்கூட. நன்றாக இருப்பவர்களின் எண் வராமல் நோய் திரும்பியவர்களின் எண் மட்டும் சேர்ந்தால், அடுத்து வருபவருக்குச் சொல்லப்படும் சதவீதம் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.